முதல் படிக்கு நல்ல கால்

கேரள எல்லையோரக் குளத்தூரில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டரைவிடக் கடினமான இடம் சொந்த வீட்டு வாசல்.

பாறசாலையிலிருந்து கடலை நோக்கிப் போகும் பஸ்ஸில் மலையாளம் ஒரு சீட்டிலும் தமிழ் இன்னொரு சீட்டிலும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே ஆளின் வாயில், ஒரே வாக்கியத்தில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவற்றை ஒட்டிக் கிடந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் போட்டார்கள். பேச்சு அதைக் கண்டுகொள்ளவில்லை. கல்யாணங்களும் கண்டுகொள்ளவில்லை.

அந்த நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென் ஓரத்தில் இருக்கிறது குளத்தூர். உச்சக்கடை சந்தி, தென்னை, வாழை, மரவள்ளி, இடையிடையே ஏலா என்று சொல்லப்படும் தாழ்ந்த வயல்கள், கடைசியில் பொழியூர் கடற்கரை. அங்கிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் நீரோடி, அது தமிழ்நாடு. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, பக்கத்துப் பூவாறில் கடலைத் தொடுகிறது. 1860இல் வெட்டத் தொடங்கி, நினைத்த தூரம் போய்ச் சேராமலே நின்றுபோன அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் மிச்சம் இந்தக் கரையோரம்தான் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பூவாறில் படகு ஏறுவார்கள். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில், மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலாவைப் பார்ப்பார்கள். ஸ்ரீ நாராயண குரு 1888இல் சிவப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறத்துக்கும் போவார்கள். குளத்தூரில் யாரும் இறங்குவதில்லை.

ஆனால் இந்த ஊரை அங்குலம் அங்குலமாக அறிந்த பயணிகள் சிலர் உண்டு. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஊர் வரைபடத்தில் கோயிலும் கடலும் கிடையாது. ரோட்டோரம், முடுக்கு, நான்கு படி, நிலைவாசல், கட்டில், கழிப்பறை. அவ்வளவுதான் பயணம். அதற்கு மூன்று மாதம் ஆகிறது.

இந்தப் பக்கத்து நிலம் தட்டையானதல்ல. ரோடு பள்ளத்தில் போகும், வீடு மேட்டில் இருக்கும். வேறு இடத்தில் ரோடு மேட்டில், வீடு பள்ளத்தில். இரண்டையும் இணைக்கும் முடுக்கு ஒரு ஆளும் அவர் பிடித்த குடையும் போகும் அகலம். ஸ்ட்ரெச்சர் அதில் திரும்பாது. ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிடும். அப்புறம் வழக்கமான கேரள ஏற்பாடுதான்: ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தூக்க நான்கு பேர்.

அந்த நாற்காலியில்தான் முதல் ஆபத்து. இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு, குறிப்பாகப் பின்பக்கமாக வெட்டித் திறந்து ஆபரேஷன் செய்யப்பட்டவருக்கு, முதல் சில வாரங்கள் மூன்று கட்டளைகள் உண்டு. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்காதே. காலைக் குறுக்கே போடாதே. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பாதே. பிளாஸ்டிக் நாற்காலியோ உட்கார்ந்ததும் வளையும். முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். புதிய பந்து அதன் கிண்ணத்திலிருந்து நழுவ அது போதும். இதற்குக் கிராமம் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் எளிமையானது. ஒரு நாற்காலிக்கு மேல் இன்னொன்றைச் செருகி, உயரத்தையும் உறுதியையும் கூட்டிவிடுகிறார்கள். கட்டில் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல். இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஒரு தலையணை. தூக்கத்தில் கால் குறுக்கே போய்விடாமல் இருக்க. மருத்துவ உபகரணக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் பல சாமான்களின் வேலையை இந்த ஏற்பாடுகள் செய்துவிடுகின்றன.

கழிப்பறைக்குத்தான் இவ்வளவு சுலபமான பதில் இல்லை. பழைய வீடுகளில் அது பின்கட்டுக்கும் அப்பால், முற்றத்தைத் தாண்டி, கிணற்றடி பக்கத்தில் இருக்கும். உள்ளே குந்தி உட்காரும் பீங்கான். குந்துவது, புதிய இடுப்புக்கு முதல் எதிரி. நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு அதன் மேல் வைப்பவர்கள் உண்டு. கல்ஃப் பணம் வந்த வீடுகளில் உள்ளேயே கம்மோடு கட்டிவிட்டார்கள். அது வசதிக்காகக் கட்டப்பட்டதா, மருமகள் கேட்டதால் கட்டப்பட்டதா என்பது வேறு கதை. பாட்டி விழுந்த பிறகு அது வீட்டிலேயே மதிப்புமிக்க அறையாகிவிடுகிறது.

பாட்டிகள் விழுவதற்கு இங்கே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லையோரத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தொடங்குவது ஒன்று, ஐப்பசி மழை இன்னொன்று. கேரளத்தார் அதைத் துலாவர்ஷம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் படிகளில் பிடித்த பாசி காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஊர்ப் பெயரிலேயே இருக்கும் குளங்களுக்குப் படிக்கட்டு உண்டு, கைப்பிடி கிடையாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் போன பிறகு குளியலறைத் தரையில் எஞ்சும் எண்ணெய், விடிகாலையில் எழும் முதல் ஆளுக்காகக் காத்திருக்கிறது. அந்த முதல் ஆள் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்து, பார்வை மங்கி, இருட்டில் ஸ்விட்சைத் தேடும் பெண்.

2011 கணக்கெடுப்பில் கேரள மக்கள்தொகையில் 12.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியாவுக்கே அந்த விகிதம் 8.6 சதவீதம்தான். பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, வீட்டில் இருவர் அல்லது ஒருவர். நீண்ட ஆயுளைக் கேரளம் தேடிக்கொண்டது. அதோடு சேர்ந்து தொடை எலும்பின் கழுத்தும் வந்தது.

அந்தக் கழுத்துதான் விஷயம். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு தலை. அதற்குக் கீழே சாய்வான ஒரு கழுத்து. தலைக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகிறது. கழுத்து முறிந்து விலகினால் ரத்தமும் அறுந்துபோகும். பிறகு எத்தனை மாதம் கட்டுப் போட்டுப் படுத்தாலும் ஒட்டுவது அபூர்வம். முறிவு இன்னும் ஓரங்குலம் கீழே, கழுத்துக்கு அப்பால் நேர்ந்தால் நிலைமை மாறும். அங்கே ரத்த ஓட்டம் தாராளம். படுத்தே கிடந்தால்கூட எலும்பு கூடிவிடும். கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கூடும்.

ஒரு அங்குல வித்தியாசம்தான் இந்த ஊரின் பழைய வாக்குவாதத்துக்கு வேர். நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் வர்மத்தின் நாடு. அகத்தியரைக் குருவாகச் சொல்லும் ஆசான்கள் அடிமுறையும் கற்பித்தார்கள், அடிபட்டவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார்கள். களரியில் தோள் இறங்கினால் ஏற்றிவிடுவது, மணிக்கட்டு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது, முறிவெண்ணெய் ஊற்றிப் பதப்படுத்துவது. இவற்றில் அவர்களுடைய கை தேர்ந்த கை. மரத்திலிருந்து விழுந்த பனையேறிகளை நிமிர்த்தியவர்கள் அவர்கள். எனவே பாட்டி விழுந்தாலும் முதலில் ஆசானுக்குத்தான் ஆள் போகும். ஓரங்குலம் கீழே முறிந்த பாட்டி மூன்று மாதத்தில் கோலூன்றி நடந்துவிடுவார். அதைக் கண்ணால் பார்த்த ஊர், கழுத்து முறிந்த பாட்டிக்கும் அதே கட்டைப் போடச் சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்: குட்டையாகி, வெளியே திரும்பிய கால். வித்தியாசத்தைக் காட்ட எக்ஸ்ரே வேண்டும்.

ஆசானைக் குற்றம் சொல்வது சுலபம். இத்தனை தலைமுறையாக அவருக்கு எக்ஸ்ரே இல்லை என்பதையும், பாட்டியைத் தொட்டுப் பார்க்க வீட்டுக்கே வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் மறந்துவிட்டுச் சொல்லலாம். ஆனால் கட்டிலின் கணக்கு இரக்கமில்லாதது. படுத்தே கிடக்கும் முதிய உடலில் முதுகில் புண் வருகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. உடல்நிலை இடம்கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, அடுத்த நாளே எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவது இதனால்தான். உயிரைக் காப்பாற்றுவதில் அந்த உலோகப் பந்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு எழுந்து நிற்பதற்கும் உண்டு.

எல்லையோரத்தில் அறுவை மருத்துவத்துக்கும் பழைய வேர் இருக்கிறது. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியை டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல், திரும்பும் வழியில் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து நெய்யூர் ஆஸ்பத்திரி வராந்தாவின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போய், ஆக்சிஜன் இல்லாமல் இருபத்தெட்டாயிரம் அடியை எட்டிவிட்டுத் திரும்பியவரும் அவரே. நெய்யூரில் குடல்புண்ணுக்குக் கத்தி வைத்துப் பெயர் வாங்கினார். அவர் பெயரால் 2002இல் தொடங்கப்பட்ட சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, பாறசாலைக்கு வடகிழக்கே காரக்கோணத்தில், எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. நெய்யாற்றின்கரையில் அரசு ஜெனரல் ஆஸ்பத்திரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் 1951இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். டாக்டருக்குப் பஞ்சமில்லாத மூலை இது.

இருந்தும் பலர் தாமதமாகத்தான் போகிறார்கள். விழுந்தவர்களைச் சொல்லவில்லை, விழாமலே இடுப்பு தேய்ந்தவர்களை. இவர்களில் முதியோர் மட்டுமில்லை. பந்துக்கு ரத்தம் வராமல் எலும்பு செத்துப்போகும் நோய் முப்பதிலும் நாற்பதிலும் ஆண்களைப் பிடிக்கிறது. அளவு மீறிய மதுவும், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் அதன் தெரிந்த காரணங்களில் இரண்டு. இங்கே மொழியும் ஒரு கையை நீட்டிக் குறுக்கே நிற்கிறது. தமிழில் இடுப்பு என்றால் முதுகின் அடிப்பகுதியில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மலையாளத்து டாக்டர் இடுப்பு என்றால் அந்தப் பந்து மூட்டைச் சொல்கிறார். முதுகின் அடிப்பகுதி அவருக்கு நடு. தமிழில் மூட்டு என்றால் எந்த மூட்டும். மலையாளத்தில் முட்டு என்றால் முழங்கால். 2000த்திலும் 2001இலும் பிரதமர் வாஜ்பாய் மும்பையில் முழங்கால்களை மாற்றிக்கொண்ட பிறகு மூட்டு மாற்று என்ற சொல் வீட்டுக்கு வீடு போனது, முழங்காலாக மட்டும் போனது. இடுப்பிலும் மூட்டு மாற்றலாம் என்பது பலருக்கு இன்றும் புதுச் செய்தி.

உடம்பும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. இடுப்பு மூட்டு கெட்டால் வலி இடுப்பில் தெரிய வேண்டுமே, அதுதான் இல்லை. தொடையிடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலுக்கு வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்து, முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று கேட்டு வீடு திரும்பியவர்களுக்கு, ஓரடி மேலே ஒரு பந்து நொறுங்கிக்கொண்டிருந்திருக்கும். செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை, கால் நகம் வெட்ட முடியவில்லை, பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இடுப்பு மூட்டை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் வழிக்குக் கொண்டுவந்த யோசனைதான் இன்றும் அடிப்படை: வழுக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சிறிய உலோகப் பந்து. அவருடைய பந்து 22 மில்லிமீட்டர்தான். இப்போது பந்து பெரிதாகிவிட்டது, பிளாஸ்டிக் மேம்பட்டுவிட்டது, பீங்கானும் வந்துவிட்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை இடையில் புகழ்பெற்று, 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டு, இந்தியாவிலும் இழப்பீட்டு வழக்குகளில் முடிந்தது. மூட்டு எத்தனை நாள் வரும் என்ற கேள்விக்கு 2019இல் லான்செட் இதழ் ஒரு கணக்குச் சொன்னது: 25 வருடத்துக்குப் பிறகும் நூற்றில் 58 மூட்டுகள் இருந்தன. எழுபது வயதுக்காரருக்கு அது நல்ல செய்தி. முப்பத்தைந்து வயதுக்காரர் இன்னொரு ஆபரேஷனை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளத்தூருக்கு முக்கியம் அதற்குப் பிறகு வரும் வாரங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடந்தவர், அங்கே வீரர். பளிங்குத் தரை, அகலக் கதவு, பக்கத்தில் நர்ஸ். வீட்டுக்கு வந்தால் வாக்கர் நிலைவாசலில் முட்டுகிறது. முற்றத்து மண்ணில் அதன் கால் புதைகிறது. குறுக்கே கோழி. வலி குறைந்துவிட்டது என்பதே முதல் வாரங்களின் பொறி. இடுப்பைச் சுற்றியுள்ள தசை இன்னும் பலம் பெறவில்லை, வெட்டித் தைத்த உறை இன்னும் ஆறவில்லை. அதற்குள் வலி போய்விட்டதால் கீழே விழுந்த வெற்றிலைப் பெட்டியை எடுக்கக் குனியத் தோன்றும். நழுவும் இடுப்புகளில் அதிகமானவை முதல் மூன்று மாதத்தில்தான் நழுவுகின்றன.

இன்னொரு பக்கம் பயம். தைத்தது பிரிந்துவிடும், இரும்பு கழன்றுவிடும் என்று கட்டிலை விட்டு அசையாதவர்கள். வீட்டாரின் அன்பு இதைக் கெடுத்துவிடும். சாப்பாடு கட்டிலுக்கே வரும், தண்ணீர் கட்டிலுக்கே வரும், பாட்டா எழுந்தால் நான்கு கை ஓடிவந்து படுக்க வைக்கும். பிசியோதெரபிஸ்ட்டின் தாளில் இருப்பவை சின்னச் சின்ன வேலைகள். மணிக்கு ஒரு முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, ரத்தம் உறையாமல் இருக்க. தொடையை இறுக்கி விடுவது. நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஐந்து வாரம் வரைகூடப் போகும். வலி இல்லை என்று அதை நிறுத்திவிடக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

படி ஏற ஒரு சூத்திரம் உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடி எப்போதும் ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க் கையில். வலிக்கும் பக்கத்திலேயே தடி பிடிப்பதுதான் சினிமாவில் பார்த்த வழக்கம், அது தப்பு. இந்த ஊரில் சூத்திரத்துக்கு வேலை அதிகம். முடுக்கில் படி, முற்றத்தில் படி, திண்ணையில் படி, கோயிலில் படி, குளத்தில் படி.

கடலோரத்தில் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர்கள். 1986 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துக்கு வந்த இரண்டாம் ஜான் பால், எட்டு வருடத்துக்குப் பிறகு, 1994 ஏப்ரலில் வத்திக்கானில் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தார். செயற்கை மூட்டு வைத்தார்கள். அதன் பிறகு கைத்தடியோடுதான் உலகம் அவரைப் பார்த்தது. அடுத்த வருடமே இங்கிலாந்தின் ராஜமாதா 95 வயதில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். 1998இல் மறு பக்கமும் மாற்றினார்கள். 101 வயது வரை இருந்தார். ஒரே ஆபரேஷன், இரண்டு விதமான நடை. எல்லோருக்கும் ஒரே பலன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டு பெரிய இடத்து உதாரணங்கள் போதும். மண்டியிடுவதும் தொழுகையில் நெற்றி தரையில் படக் குனிவதும் எப்போது முடியும், முடியுமா என்று பாதிரியாரிடமும் மௌலவியிடமும் கேட்பதற்கு முன் டாக்டரிடம் கேட்பது நல்லது. மசூதிகளில் பின்வரிசையில் நாற்காலிகள் எப்போதோ வந்துவிட்டன.

ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் என்ற கெடுக்கள் முடிந்ததும் கேள்வி மாறுகிறது. நடக்க முடியுமா என்பது போய், வேலைக்குப் போக முடியுமா என்பது வருகிறது. ஆபீஸ்காரருக்குப் பதில் சுலபம். மேஜை, நாற்காலி, இரண்டு மாதத்தில் போகலாம். இந்த ஊரில் நாற்காலி வேலை எத்தனை பேருக்கு? கிழக்கே மலைப்பக்கம் ரப்பர். விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு ஒவ்வொரு மரமாகப் போய், பட்டையின் தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, சிரட்டையை நிமிர்த்தி, அடுத்த மரம். சரிவில், ஈரச் சருகில். தென்னையும் பனையும் ஏறுகிறவருக்கு இரண்டு தொடையாலும் மரத்தை அணைத்துப் பிடிப்பதுதான் தொழிலே. அவரை மறுபடி ஏறலாம் என்று சொல்லும் டாக்டர் அபூர்வம்.

பொழியூரில் கடல். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஃபைபர் படகைத் தள்ளி ஏறுவது, ஒரு காலை உள்ளே வைத்து மறுகாலை வீசும் அந்த நொடி, இடுப்பு மூட்டுக்கு எழுதப்பட்ட எல்லா விதிகளையும் ஒரே அடியில் மீறுவது. கரையில் வலை இழுக்கும் வரிசையில் குதிகாலை மணலில் ஊன்றிச் சாய்ந்து இழுப்பதும் அப்படித்தான். தேறியவர்களில் பலருக்குக் கிடைப்பது கரை வேலை: வலை பழுது பார்ப்பது, ஏலத்தில் நிற்பது, கணக்கு. வருமானம் குறையும். வீட்டில் அதிகாரமும் குறையும். பழைய வேலைக்குத் திரும்ப முடியாத மீனவருக்கு மாற்றுத் தொழில் சொல்லும் தாள் எந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பைலிலும் இல்லை. சிகிச்சையின் பெரிய ஓட்டை இதுதான். மூட்டுக்குச் செலவான பணத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போயிருந்தால் போதும்.

பொழியூருக்கு இன்னொரு பெருமை கால்பந்து. சந்தோஷ் டிராபி அளவுக்கு ஆட்டக்காரர்களைத் தந்த மணல் இது. மாலை நேரம் கடலோரத்தில் பையன்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கும் பழைய ஆட்டக்காரர்களுக்குப் புதிய இடுப்பு கிடைத்தால் நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம் என்றே பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். பந்து காலடிக்கு உருண்டு வரும்போது அதைத் திருப்பி உதைக்காமல் நிற்பது எப்படி என்று அவர்கள் சொல்லித் தருவதில்லை. மணலும் நல்ல நடைபாதை இல்லை. ஈரம் இறுகிய ஓரம் பரவாயில்லை, உலர்ந்த மணலில் பாதம் திருகும்.

எல்லைக்கோடு இந்தக் கட்டத்தில்தான் மறுபடி தலைகாட்டுகிறது. தேறும் நாட்களில் அம்மா மகள் வீட்டுக்குப் போவது இரண்டு பக்கத்திலும் வழக்கம். மகளைக் கட்டிக்கொடுத்தது களியக்காவிளையில் என்றால் அம்மா தமிழ்நாட்டில் படுத்திருப்பார், ரேஷன் கார்டு குளத்தூரில் இருக்கும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் முளைத்த வலி நிவாரண இயக்கம் வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீடு தேடி வருகிறார், ஆஷா பணியாளர் கூடவே வழி காட்டுகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார். இரண்டுமே நல்ல திட்டங்கள். இரண்டிலும் பெயர் முகவரியை ஒட்டியே போகிறது. பாட்டி கட்டிலை மாற்றிய செய்தி நோட்டுப் புத்தகத்துக்கு எட்டுவதற்குள் மூன்று வாரம் போய்விட்டால், தசைக்கு அந்த மூன்று வாரம் திரும்பக் கிடைக்காது.

அந்த நோட்டுப் புத்தகத்தில் கேரளத்தார் எழுதும் ஒரு சொல் உண்டு: கிடப்பு ரோகி. படுத்த படுக்கையாகிவிட்டவர் என்று பொருள். உதவி கிடைக்க அந்தப் பட்டியலில் பெயர் வேண்டும். இடுப்பு மாற்றியவர் சீக்கிரம் தப்பிக்க வேண்டியதும் அதே பட்டியலிலிருந்துதான். எழுந்து திண்ணைக்கு வந்து உட்காருகிறவரை நர்ஸ் அடுத்த முறை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யோசிக்கும் நாள், அந்த வீட்டில் கொண்டாடத்தக்க நாள்.

மூன்றாவது மாத எக்ஸ்ரேக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போகிறார்கள். கேரள அரசு பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, நல்ல காலை மேலே வைத்து, மற்றதை அதன் பக்கத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கண்டக்டர் பெல் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். பின்னால் நிற்பவர் ஒருவர் மலையாளத்தில் கேறு என்பார், இன்னொருவர் தமிழில் ஏறு என்பார்.

அந்தப் பயணம் முடிந்து வந்ததும் வாக்கருக்கு வீட்டில் வேலை இல்லை. இரவல் வாங்கியதென்றால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தமாக வாங்கியதும் பரணில் நெடுநாள் தங்காது. முடுக்கின் மறு முனையில், மழைக்குப் பிந்திய ஏதோ ஒரு காலையில், இன்னொருவர் வழுக்கி விழுந்திருப்பார். கேட்டு ஆள் வரும். கொடுப்பதற்கு முன் நான்கு கால்களிலும் உள்ள பொத்தானை அழுத்தி, உயரத்தை இரண்டு ஓட்டை இறக்க வேண்டும். பாட்டாவின் உயரத்துக்கு வைத்தது, இனி ஒரு பாட்டிக்கு.